ஒரு பாயின்ட் எத்தனை பைசா? பில் முதல் கிரெடிட் கார்டு வரை... வீட்டுக்கு வீடு தெரிந்துகொள்ள வேண்டிய குட்டிக் கணக்கு!

சூப்பர் மார்க்கெட் பில் கவுன்டரில் இரண்டு வசனங்கள் தவறாமல் காதில் விழும். ஒன்று, "சில்லறை இல்லீங்க, சாக்லேட் எடுத்துக்கங்க." இன்னொன்று, "போன் நம்பர் சொல்லுங்க, பாயின்ட் ஏத்தணும்." முதலாவதில் நம் கையிலிருந்து ஏதோ கொஞ்சம் போகிறது. இரண்டாவதில் நமக்கு ஏதோ கொஞ்சம் வருகிறது. போவது எவ்வளவு, வருவது எவ்வளவு என்று யாரும் நின்று கணக்குப் பார்ப்பதில்லை. பின்னால் வரிசையில் நிற்பவர்கள் பார்ப்பார்களே என்ற கூச்சம் ஒரு காரணம். 'அட, அம்பது பைசாவுக்கா?' என்ற அலட்சியம் இன்னொரு காரணம்.

ஆனால், இந்தச் சின்னக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் சில ஆச்சர்யங்கள் காத்திருக்கின்றன. சில இடங்களில் 50 பைசாவுக்கு நிஜமாகவே மதிப்பில்லை. வேறு சில இடங்களில் 25 பைசா என்பது வருடத்துக்கு 3,000 ரூபாய். ஓர் இடத்தில் 45 பைசா, 10 லட்சம் ரூபாய்க்குச் சமம். அதேபோல 'உங்கள் கணக்கில் 2,400 பாயின்ட்' என்று பெருமையாக வரும் மெசேஜின் மதிப்பு, ஒரு குடும்பம் ஹோட்டலில் ஒருவேளை டிபன் சாப்பிடும் காசுதான்.

எது எங்கே, எவ்வளவு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தம்பிடி முதல் எட்டணா வரை

வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். 'காலணா', 'அரையணா', 'தம்பிடி' என்று ஒரு தனி உலகமே அவர்கள் பேச்சில் வரும். அந்தக் காலத்தில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 பைசா. அதையும் உடைத்தால் ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. ஆக, ஒரு ரூபாயில் 192 தம்பிடிகள்! இரண்டாம் உலகப்போர் காலத்தில் உலோகத்தை மிச்சம்பிடிக்க, நடுவில் ஓட்டை போட்ட காசும் வந்தது. இன்றைக்கும் நாம் திட்டுவதற்குப் பயன்படுத்தும் 'ஓட்டைக் காலணா' அதுதான்.

1957 ஏப்ரல் 1 அன்று இந்தியா தசம முறைக்கு மாறியது. ஒரு ரூபாய்க்கு 100 'நயா பைசா'. 1964-ல் 'நயா' என்ற அடைமொழி போய், வெறும் பைசா ஆனது. ஆனால் மக்கள் வாயில் பழைய பெயர் போகவில்லை. 25 பைசா 'நாலணா'வாகவும், 50 பைசா 'எட்டணா'வாகவும் பல ஆண்டுகள் நீடித்தன.

2011 ஜூன் 30-ம் தேதியோடு 25 பைசாவும் அதற்குக் கீழே உள்ள நாணயங்களும் செல்லாதவை ஆகின. 50 பைசா? அது இன்றுவரை சட்டப்படி செல்லும் நாணயம். கடைக்காரர் வாங்க மறுக்கலாம், பிச்சை கேட்பவர்கூடத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் ரிசர்வ் வங்கியின் கணக்கில் அது செல்லாக்காசு அல்ல.

நாணயத்துக்கும் ஓர் எல்லை உண்டு

10 ரூபாய் நாணயத்தைச் சில கடைகளில் இன்றும் வாங்குவதில்லை. 'இது டூப்ளிகேட்', 'கோடு பத்து இருக்கணும்' என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அதுவரை வெளியான 14 வடிவ 10 ரூபாய் நாணயங்களும் செல்லும். ரூபாய்க் குறியீடு இருந்தாலும் செல்லும், இல்லாவிட்டாலும் செல்லும்.

அதேநேரம், மூட்டை மூட்டையாகச் சில்லறையைக் கொண்டுபோய்க் கொட்டவும் சட்டம் இடம் தரவில்லை. 2011-ம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, ஒரு ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நாணயங்களில் 1,000 ரூபாய் வரைதான் செலுத்த உரிமை உண்டு. 50 பைசா நாணயம் என்றால் 10 ரூபாய் வரை. அதற்கு மேல் வாங்கிக்கொள்வது எதிரில் இருப்பவரின் விருப்பம். 2022-ல் சேலத்தில் ஓர் இளைஞர், சேர்த்துவைத்த ஒரு ரூபாய் நாணயங்களாகவே 2.6 லட்சம் ரூபாயைக் கொடுத்து பைக் வாங்கிய செய்தி நினைவிருக்கலாம். அந்த ஷோரூம்காரர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்து எண்ணியது சட்டத்துக்காக அல்ல, பெருந்தன்மைக்காக.

'ரவுண்ட் ஆஃப்' யாருக்கு லாபம்?

கம்ப்யூட்டர் பில்லின் அடியில் 'ரவுண்ட் ஆஃப்' என்று ஒரு வரி இருக்கும். 486.60 என்றால் 487. 486.40 என்றால் 486. இப்படி 50 பைசாவும் அதற்கு மேலும் இருந்தால் ஏற்றி, குறைவாக இருந்தால் இறக்கிப் போடுவதுதான் நியாயமான முறை. ஜி.எஸ்.டி சட்டமும் வரித்தொகையை இப்படித்தான் முழு ரூபாயாக்கச் சொல்கிறது. ஒரு மாதத்தில் 30 பில் போட்டால் சிலவற்றில் ஏறும், சிலவற்றில் இறங்கும். கடைசியில் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

கவலைப்பட வேண்டியது, எல்லா பில்லிலும் ஏறிக்கொண்டே மட்டும் இருந்தால்தான். ஒரு பில்லுக்கு சராசரியாக 50 பைசா என்று வைத்துக்கொண்டாலும், மாதம் 30 பில் போடும் குடும்பத்துக்கு வருடத்தில் 180 ரூபாய்தான் நஷ்டம். ஆனால் ஒருநாளைக்கு 1,000 பில் போடும் கடைக்கு அது தினமும் 500 ரூபாய். வருடத்துக்கு 1,82,500 ரூபாய்!

சாக்லேட் கதையும் இதேதான். மாதம் 20 முறை ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் வாங்கினால், வருடத்துக்கு 240 ரூபாய்க்கு நாம் கேட்காத மிட்டாய் வாங்கியிருக்கிறோம். அதே மிட்டாயை மறுநாள் கொண்டுபோய் 'இதை ஒரு ரூபாய்க்கு வெச்சுக்கங்க' என்று கொடுத்தால் கடைக்காரர் வாங்குவாரா? மாட்டார். ஏனென்றால் மிட்டாய் பணம் அல்ல. பஸ் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் பாக்கித் தொகையை எழுதித் தருவதுகூட இதைவிட மேல். இறங்கும்போது மறக்காமல் கேட்டால் காசாகவே கிடைக்கும்.

வெளிநாடுகளில் இந்தப் பிரச்னையை வேறு மாதிரி தீர்த்தார்கள். கனடா 2013 பிப்ரவரியில் ஒரு சென்ட் நாணயத்தைப் புழக்கத்தில் விடுவதை நிறுத்தியது. ரொக்கமாகக் கொடுத்தால் மட்டும் அருகிலுள்ள 5 சென்ட்டுக்கு ஏற்றியோ இறக்கியோ கொள்வார்கள். கார்டில் கொடுத்தால் சென்ட் சுத்தமாகக் கணக்கு. அமெரிக்காவும் 2025 நவம்பரில் புழக்கத்துக்கான பென்னி அடிப்பதை நிறுத்திவிட்டது. காரணம், ஒரு சென்ட் மதிப்புள்ள அந்த நாணயத்தை அடிக்க ஏறக்குறைய 3.7 சென்ட் செலவானது.

நம் ஊரில் அந்த வேலையை யு.பி.ஐ சத்தமில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. 486 ரூபாய் 60 பைசா என்றால் அதையே டைப் செய்து அனுப்பலாம். சில்லறையும் வேண்டாம், சாக்லேட்டும் வேண்டாம்.

88 பைசா மிட்டாய்!

போன பைசா திரும்பி வந்த கதையும் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பல பொருள்களுக்கு ஜி.எஸ்.டி குறைந்தது. பிஸ்கட், ஷாம்பூ போன்றவற்றுக்கு 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமானது. உடனே கடைகளில் விநோதமான விலைகள் தென்பட்டன. 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட் 4 ரூபாய் 45 பைசா. 2 ரூபாய் ஷாம்பூ சாஷே 1 ரூபாய் 75 பைசா. ஒரு ரூபாய் மிட்டாய் 88 பைசா!

ஒரு பாக்கெட் வாங்கப் போகும் குழந்தைக்கு 55 பைசா பாக்கி கொடுக்க எந்தக் கடையிலும் காசு இல்லை. வரிக் குறைப்பின் பலன் உண்மையில் கைக்கு வர வேண்டுமென்றால் நான்கைந்து பாக்கெட்டாக வாங்க வேண்டும், அல்லது யு.பி.ஐ-யில் கொடுக்க வேண்டும்.

பாக்கெட்டில் எம்.ஆர்.பி-க்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி எண் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. 'யூனிட் சேல் பிரைஸ்' என்பது அதன் பெயர். ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிக்கு எத்தனை பைசா என்று அது சொல்லும். 100 கிராம் பாக்கெட்டில் கிராமுக்கு 52 பைசா, 500 கிராம் பாக்கெட்டில் 44 பைசா என்று இருந்தால், வித்தியாசம் 8 பைசாதானே என்று தோன்றும். அரை கிலோவுக்கு அது 40 ரூபாய். சில நேரம் 'ஃபேமிலி பேக்' என்று பெரிதாக எழுதியிருப்பதில்தான் கிராமுக்குக் கூடுதல் விலை இருக்கும். அந்தக் குட்டி எண்ணைப் பார்த்தால்தான் அது தெரியும்.

பைசா பெரிதாகும் மூன்று இடங்கள்

*1. பால் பாக்கெட்:* 'கூலிங் சார்ஜ்' என்று பாக்கெட்டுக்கு ஒரு ரூபாய் கூடுதலாக வாங்கும் கடைகள் உண்டு. தினமும் இரண்டு பாக்கெட் வாங்கும் வீட்டுக்கு வருடத்துக்கு 730 ரூபாய். பாக்கெட்டில் அச்சிட்ட அதிகபட்ச விலைக்கு மேல் விற்பது சட்டப்படி தவறு. பக்கத்துக் கடைக்காரருடன் சண்டை போட மனம் வராதுதான். அச்சிட்ட விலைக்கே கொடுக்கும் கடையையோ, மாத அட்டையையோ தேடிக்கொண்டால் சண்டையே தேவையில்லை.

*2. நகைக்கடன்:* 'நூற்றுக்கு 75 பைசா வட்டி' என்று அடகுக் கடை போர்டுகளில் பார்த்திருப்பீர்கள். 75 பைசாவுக்கும் ஒரு ரூபாய்க்கும் நாலணாதானே வித்தியாசம்? ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கு 75 பைசா வட்டி என்றால் மாதம் 750, வருடத்துக்கு 9,000 ரூபாய். ஒரு ரூபாய் வட்டி என்றால் மாதம் 1,000, வருடத்துக்கு 12,000. அந்த நாலணாவின் விலை 3,000 ரூபாய்! ஒன்றரை ரூபாய் வட்டி என்றால் 18,000. பள்ளிக்கூட ஃபீஸுக்காகவும் விதைநெல்லுக்காகவும் அவசரமாக நகையைக் கொண்டுபோகும்போது இந்த நாலணாவை யாரும் பேரம் பேசுவதில்லை. பேச வேண்டிய இடமே இதுதான். எடை, வட்டி, ஏலத்துக்குப் போகும் தேதி மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

*3. ரயில் டிக்கெட்:* ஐ.ஆர்.சி.டி.சி-யில் டிக்கெட் எடுக்கும்போது 'டிராவல் இன்ஷூரன்ஸ் வேண்டுமா?' என்று ஒரு கேள்வி வரும். அவசரத்தில் பலரும் 'வேண்டாம்' என்பதைத் தட்டிவிட்டுப் போகிறார்கள். ஒரு பயணிக்கு அதன் பிரீமியம் 45 பைசா. ரயில் விபத்தில் உயிரிழப்போ, முழுமையான நிரந்தர ஊனமோ ஏற்பட்டால் 10 லட்சம் ரூபாய். பகுதி நிரந்தர ஊனத்துக்கு 7.5 லட்சம். காயத்துக்கான மருத்துவமனைச் செலவுக்கு 2 லட்சம் வரை. நான்கு பேர் கொண்ட குடும்பம் ஊருக்குப் போய்வர 3 ரூபாய் 60 பைசா.

இதில் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. டிக்கெட் எடுத்த பிறகு இன்ஷூரன்ஸ் நிறுவனத்திடமிருந்து மெசேஜோ மெயிலோ வரும். அதில் உள்ள இணைப்பில் நாமினி பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால், ஏற்கெனவே நொறுங்கிப் போயிருக்கும் குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்காக அலைய வேண்டியிருக்கும்.

இந்த மூன்றிலும் ஒரு பொதுவான விஷயம் இருப்பதைக் கவனியுங்கள். பைசா தனியாக நிற்கும்போது அதற்கு மதிப்பில்லை. தினமும் திரும்பத் திரும்ப வந்தாலோ, பெரிய தொகையின் மேல் ஏறினாலோதான் அது பெரிதாகிறது. ஆகவே, பைசாவைப் பார்த்தால் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

பாயின்ட்டை வகுத்துப் பார்க்க வேண்டும்!

பாயின்ட் கதை நேர்மாறு. அது பார்க்கும்போதே பெரிதாக இருக்கும்.

வாங்குபவருக்கு ஏதாவது கொடுத்து மறுபடி வரவழைக்கும் உத்தி மிகப் பழையது. அமெரிக்காவில் 1896-லேயே பொருள் வாங்கினால் பச்சை நிற ஸ்டாம்ப் கொடுக்கும் முறை வந்துவிட்டது. புத்தகத்தில் ஒட்டிச் சேர்த்தால் பாத்திரமோ, விளக்கோ கிடைக்கும். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ், பறக்கும் தூரத்தைப் பாயின்ட்டாக்கியது. நம் ஊரில் காலி சோப்பு கவரைக் கொடுத்து ஸ்பூன் வாங்கிய தலைமுறைக்கு இது ஒன்றும் புதிதல்ல. ஸ்பூனுக்கு என்ன விலை என்று அப்போது எல்லோருக்கும் தெரியும். பாயின்ட்டுக்கு என்ன விலை என்று இப்போது பலருக்குத் தெரியாது.

ஒரு பாயின்ட் என்றால் ஒரு ரூபாய் என்று நினைப்பவர்கள் ஏராளம். பல கிரெடிட் கார்டுகளில் ஒரு பாயின்ட்டின் மதிப்பு 20 முதல் 25 பைசாதான். உயர்ரக கார்டுகளில் 50 பைசா, ஒரு ரூபாய் என்று கூடும். அதுவும் எதற்காக மாற்றுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். விமான டிக்கெட்டுக்கு ஒரு மதிப்பு, பில்லில் கழிக்க ஒரு மதிப்பு, கேட்டலாகில் உள்ள மிக்ஸிக்கு இன்னொரு மதிப்பு. அந்த மிக்ஸிக்கு அவர்கள் போட்டிருக்கும் விலை எம்.ஆர்.பி-யாக இருக்கலாம். அதே மிக்ஸி வெளியில் தள்ளுபடியில் கிடைக்கும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மாதம் 20,000 ரூபாயை கார்டில் செலவழிக்கும் குடும்பம். 100 ரூபாய்க்கு ஒரு பாயின்ட். மாதம் 200, வருடத்துக்கு 2,400 பாயின்ட். ஒரு பாயின்ட் 25 பைசா என்றால் 600 ரூபாய். அதாவது 2,40,000 ரூபாய் செலவழித்ததற்கு 600 ரூபாய். நூறு ரூபாய்க்கு நாலணா!

இனி கழித்தல் கணக்கு. கார்டுக்கு ஆண்டுக் கட்டணம் 499 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 18 சதவிகித ஜி.எஸ்.டி சேர்த்தால் 588 ரூபாய் 82 பைசா. மிச்சம் 11 ரூபாய் 18 பைசா. பாயின்ட்டை மாற்றிக்கொள்ள 99 ரூபாய் 'ரிடெம்ப்ஷன்' கட்டணம் வாங்கும் வங்கிகள் உண்டு. ஜி.எஸ்.டி-யோடு 116 ரூபாய் 82 பைசா. ஆக மொத்தம் 105 ரூபாய் 64 பைசா நஷ்டம்!

ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டோ, குறிப்பிட்ட தொகைக்கு மேல் செலவழித்தால் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் கார்டோ இருந்தால் கணக்கு மாறும். அப்போது அந்த 600 ரூபாய் நிஜமான லாபம்தான். ஆனால் பெட்ரோல், வீட்டு வாடகை, வாலட்டில் பணம் ஏற்றுவது, இ.எம்.ஐ போன்றவற்றுக்குப் பல கார்டுகளில் பாயின்ட் கிடையாது. இரண்டு, மூன்று ஆண்டுகளில் காலாவதியும் ஆகிவிடும்.

மூன்றே முக்கால் ரூபாய் வட்டி!

பாயின்ட் கணக்கில் பெரிய பள்ளம் இனிமேல்தான் வருகிறது. 20,000 ரூபாய் பில் வருகிறது. கையில் பணமில்லை. 'மினிமம் டியூ' 1,000 ரூபாய் என்று போட்டிருக்கிறது. அதை மட்டும் கட்டிவிட்டால் போதும் என்று தோன்றும். மீதி 19,000 ரூபாய்க்கு மாதம் 3.75 சதவிகிதம் என்றால் வட்டி 712 ரூபாய் 50 பைசா. அதற்கு ஜி.எஸ்.டி 128 ரூபாய் 25 பைசா. மொத்தம் 840 ரூபாய் 75 பைசா. ஒரு வருடம் முழுக்கச் சேர்த்த 600 ரூபாய் பாயின்ட், ஒரே மாத வட்டியில் போய்விட்டது. அதோடு முடியவில்லை. பழைய பாக்கி இருக்கும்வரை, புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். 45, 50 நாள் வட்டியில்லாச் சலுகை அப்போது கிடைக்காது.

3.75 சதவிகிதம் என்றால் புரியாமல் போகலாம். நம் ஊர் பாஷையில் சொன்னால் 'மூன்றே முக்கால் ரூபாய் வட்டி'. தெருவில் ஒருவர் 'நூற்றுக்கு மூன்றே முக்கால் ரூபாய் வட்டிக்குப் பணம் தருகிறேன்' என்று சொன்னால், 'அய்யோ, கந்துவட்டி' என்று ஓடிவிடுவோம். அதையே பிளாஸ்டிக் அட்டையில் கொடுத்தால், கூட நாலணா பாயின்ட்டும் தருகிறார்களே என்று சந்தோஷப்படுகிறோம்.

முழு பில்லையும் ஒவ்வொரு மாதமும் கட்டிவிடுபவருக்கு பாயின்ட் லாபம். ஒரு மாதம் தவறினாலும் லாபம் வங்கிக்கு. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்தாலே போதும். கார்டே வேண்டாம் என்று முடிவு செய்தால், பாக்கியைக் கட்டிவிட்டு எழுதிக் கொடுத்த 7 வேலை நாள்களுக்குள் வங்கி அதை மூட வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2022-ம் ஆண்டு உத்தரவு.

இன்னும் 140 ரூபாய்க்கு வாங்கினால்...

'இன்னும் 140 ரூபாய்க்கு ஷாப்பிங் செய்தால் 50 போனஸ் பாயின்ட்' என்று ஆப் ஆசைகாட்டும். 50 பாயின்ட் என்பது பன்னிரண்டரை ரூபாய். அதற்காகத் தேவையில்லாத ஒரு பொருளை 140 ரூபாய்க்கு வாங்கினால், 127 ரூபாய் 50 பைசா வீண். எப்படியும் அடுத்த வாரம் வாங்கப்போகும் எண்ணெயோ பருப்போ என்றால் மட்டும் சேர்க்கலாம்.

யு.பி.ஐ ஆப்களின் ஸ்க்ராட்ச் கார்டும் அப்படித்தான். சுரண்டினால் சில நேரம் 2 ரூபாய் வரும். பல நேரம் ஏதோ ஒரு கம்பெனியின் '70% தள்ளுபடி கூப்பன்' வரும். அது பரிசு அல்ல, விளம்பரம்.

போன் நம்பருக்கும் ஒரு விலை உண்டு. பாயின்ட்டுக்காக நம்பர் கொடுத்தால், நீங்கள் என்ன வாங்குகிறீர்கள், எப்போது வாங்குகிறீர்கள் என்பது கடையின் கணக்கில் சேர்கிறது. பாயின்ட் வேண்டுமென்றால் கொடுக்கலாம். ஆனால் நம்பர் தந்தால்தான் பில் போடுவோம் என்று கட்டாயப்படுத்தக் கூடாது. அது நேர்மையற்ற வணிகம் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில் அறிவுறுத்தியிருக்கிறது. முன்கூட்டியே தெரிவிக்காமல் கேரி பேக்குக்கு பில்லில் காசு சேர்ப்பதும் தவறு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் கூறியிருக்கிறது. இப்படிப்பட்ட புகார்களுக்கு 1915 என்ற எண்ணை அழைக்கலாம்.

பாயின்ட்டைக் காட்டி மொத்தப் பணத்தையும் சுருட்டும் கும்பல்

இதுவரை பார்த்ததெல்லாம் நூறு, ஆயிரம் ரூபாய் விவகாரம். இது வாழ்நாள் சேமிப்பு விவகாரம். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்தப் பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

'உங்கள் வங்கிக் கணக்கில் உள்ள 9,980 ரூபாய் மதிப்புள்ள ரிவார்டு பாயின்ட் இன்றோடு காலாவதி ஆகிறது. உடனே பெற, கீழே உள்ள ஆப்பை இன்ஸ்டால் செய்யவும்.' இப்படி ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் வரும். வங்கியின் லோகோ இருக்கும். சில நேரம் தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போன் ஏற்கெனவே அவர்கள் கையில். கூடவே '.ஏ.பி.கே' என்று முடியும் ஒரு ஃபைல். அதைத் தட்டினால் ஆப் போனில் இறங்கும். எஸ்.எம்.எஸ் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், வங்கி அனுப்பும் ஓ.டி.பி எல்லாம் நேராக மோசடிக்காரரின் கைக்குப் போகும். நீங்கள் யாரிடமும் ஓ.டி.பி சொல்லியிருக்க மாட்டீர்கள். ஆனாலும் பணம் போயிருக்கும்.

ஸ்டேட் பேங்க், தாங்கள் இப்படி எஸ்.எம்.எஸ், வாட்ஸ்அப் மூலம் லிங்க்கோ ஏ.பி.கே ஃபைலோ அனுப்புவதே இல்லை என்று வாடிக்கையாளர்களை எச்சரித்திருக்கிறது. எந்த வங்கியானாலும் பாயின்ட்டைப் பார்க்க ஒரே வழிதான். அந்த வங்கியின் சொந்த ஆப்பையோ, இணையதளத்தையோ நீங்களே திறந்து பார்ப்பது.

தெரியாமல் தட்டிவிட்டால்? முதலில் போனின் இன்டர்நெட்டை அணைத்துவிட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து 1930 என்ற சைபர் க்ரைம் எண். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். ஏனென்றால் ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு நடக்கும் இழப்பு வங்கியின் பொறுப்பு. 'பிள்ளைகள் திட்டுவார்களே' என்று பெரியவர்கள் தயங்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் மிச்சமிருக்கும் பணமும் போகிறது. திட்டமாட்டோம் என்ற தைரியத்தை அவர்களுக்கு இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைக்க 7 விஷயங்கள்

* பில்லில் 'ரவுண்ட் ஆஃப்' வரியை ஒரு மாதம் மட்டும் கவனியுங்கள். ஏறியும் இறங்கியும் இருந்தால் மறந்துவிடுங்கள். ஏறிக்கொண்டே இருந்தால் கேளுங்கள்.

* சில்லறைக்குப் பதில் சாக்லேட் என்றால், புன்னகையோடு 'யு.பி.ஐ-யில போட்டுடறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

* பாக்கெட் வாங்கும்போது கிராமுக்கு எத்தனை பைசா என்று பாருங்கள்.

* கடன் வாங்கும்போது 'எத்தனை பைசா வட்டி' என்பதை 12-ஆல் பெருக்கி வருட வட்டியாக்கிப் பாருங்கள். 75 பைசா என்றால் 9 சதவிகிதம். 2 ரூபாய் என்றால் 24 சதவிகிதம். மூன்றே முக்கால் ரூபாய் என்றால் 45 சதவிகிதம்.

* ரயில் டிக்கெட்டில் அந்த 45 பைசாவை விட்டுவிடாதீர்கள். நாமினி பெயரையும் மறக்காதீர்கள்.

* உங்கள் கார்டில் ஒரு பாயின்ட் எத்தனை பைசா, எப்போது காலாவதி, மாற்றக் கட்டணம் எவ்வளவு... இந்த மூன்றையும் வங்கி ஆப்பில் பார்த்து எழுதி வையுங்கள். பெரும்பாலும் பில்லில் கழித்துக்கொள்வதுதான் சுலபம்.

* பாயின்ட் காலாவதி ஆகிறது என்று மெசேஜ் வந்தால் லிங்க்கைத் தொடாதீர்கள். போனால் நூறு, இருநூறு ரூபாய் பாயின்ட்தான். தொட்டால் போவது மொத்தக் கணக்கும்.

அரைமணி நேரம் ஒதுக்கி உங்கள் வீட்டுக் கணக்கை இப்படி ஒருமுறை போட்டுப் பாருங்கள். கூலிங் சார்ஜ் 730, மிட்டாய் 240, வேண்டாத கார்டின் ஆண்டுக் கட்டணம் 588 ரூபாய் 82 பைசா என்று மூன்றே மூன்றைக் கூட்டினாலே 1,558 ரூபாய் 82 பைசா வருகிறது. தீபாவளிக்கு வீட்டில் ஒருவருக்குத் துணி எடுக்க அது போதும்.